பஞ்சு வீட்டுக் கொல்லையில் கூவியது

சத்தம் கேட்டதும் பஞ்சுவின் கால்கள் தரையில் ஊன்றிவிட்டன. கண் திறந்ததா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. சமையலறைக்குப் போய், மூக்கு வைத்த தம்ளரில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அக்காவின் அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றாள். "வந்துட்டேன், வந்துட்டேன், ஊரைக் கூட்டாதே" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிற்று. அப்புறம்தான் கட்டிலில் மெத்தை இல்லை என்பது உறைத்தது. மெத்தையை எடுத்துப் பல மாதம் ஆயிற்று. அக்காவை எடுத்தும்தான்.

தண்ணீரை வீணாக்குகிற பழக்கம் பஞ்சுவுக்கு இல்லை. தானே குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அறையைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குள் சத்தம் இன்னொரு முறை கேட்டது. தொண்டையில் சளி அடைத்தவர் கூப்பிடுவதுபோல, கரகரவென்று, இரண்டு துண்டாக. முதல் துண்டு சின்னது, இரண்டாவது இழுவை.

அது அக்காவின் சத்தமேதான். வேறு எதுவும் அப்படிக் கத்தும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பஞ்சு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை, கோழிகளால் வந்தது. சில்க்கி என்று ஒரு கோழி வகை உண்டு. இறகு இறகாக இருக்காது, கொட்டிய பஞ்சு மாதிரி இருக்கும். தலையில் ஒரு கொத்து, காலிலும் கொத்து, மற்றக் கோழிக்கு நாலு விரல் என்றால் இதற்கு ஐந்து. பஞ்சை விலக்கிப் பார்த்தால் தோல் கறுப்பு, கறியும் கறுப்பு, எலும்பும் கறுப்பு. மடியில் தூக்கி வைத்தால் பூனை மாதிரி அடங்கிக் கிடக்கும். மாடி வீடுகளில் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாக வாங்கிப் போவார்கள். பஞ்சுக்கோழிக்காரி என்று ஆரம்பித்து, வாய் சோம்பலில் பஞ்சு என்று நின்றுவிட்டது.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பெட்டை தானே?"

"தெரியாது" என்பாள் பஞ்சு.

"என்னங்க இது, கோழி வளர்க்கிற நீங்களே தெரியாதுங்கறீங்க?"

"இது இன்னும் முட்டையும் போடல, கூவவும் இல்ல. அதுவரைக்கும் இது கோழி, அவ்வளவுதான். அவசரம்னா வேற ஜாதிக் கோழி வாங்கிக்குங்க."

அவள் திமிரில் சொல்லவில்லை. மற்றக் கோழிகளில் ஒன்றரை மாதத்துக்குள் கொண்டை சிவந்து, வால் வளைந்து காட்டிக் கொடுத்துவிடும். இதில் கொண்டை கறுப்பு, வால் என்று ஒன்று இருந்தால்தானே வளைய. குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் பின்புறத்தைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கிற கைதேர்ந்த ஆட்களும் இந்தக் குஞ்சைக் கண்டால் கையை விரிப்பார்கள். தலைக்கொத்து பந்துபோல் உருண்டிருந்தால் பெட்டையாக இருக்கலாம், பின்னால் ஈர்க்கு ஈர்க்காக ஓடினால் சேவலாக இருக்கலாம். கொண்டை சீக்கிரம் அகலமாக வந்தால் சேவலாக இருக்கலாம். எல்லாம் 'லாம்' தான். ஐந்து, ஆறு மாதம் பொறுக்கவேண்டும். பஞ்சு பொறுப்பாள். பெட்டை என்று அவள் சொல்லிக் கொடுத்த கோழி ஒன்றுகூட இதுவரை கூவியதில்லை என்று பேர்.

அக்கா விஷயம் அப்படி இல்லை. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நாளெல்லாம் பேச்சுதான் வேலை. புருஷன் வீடு சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்த தங்கையை வைத்துக்கொண்டவள், அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கியவள். ஒரு நாள் சோப்பு எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. பக்கவாதம். கை போயிற்று, கால் போயிற்று, பேச்சு சுத்தமாகப் போயிற்று. வலது கண் இமை முழுதாக மூடாமல் பாதியில் நின்றுவிட்டது. ராத்திரியில் அந்தக் கண் காய்ந்துபோகாமல் இருக்க மருந்து போட்டு, இமையைப் பிடித்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள் பஞ்சு. விடியுமுன் உடம்பைத் திருப்பிப் போடும்போது பிளாஸ்திரியை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிடுவாள்.

இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். ஒரு புண் வரவிடவில்லை. பார்க்க வந்த நர்ஸ் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வார்டுக்கு வேலைக்கு வாங்களேன்" என்றாள். புகழ்ச்சிக்குச் சொன்னதில்லை. முதுகைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அந்தச் சத்தம். வருஷத்தில் சில வாரங்கள், வெயில் தலைகாட்டும் நேரத்தில் அக்கா கத்துவாள். பஞ்சு ஓடுவாள். தண்ணீரா? ஒரு வாய் கொடுத்தால் அடங்கிவிடும். சரி, தாகம். மறுநாள் தண்ணீரோடு போனால், தம்ளர் வாயருகே போகுமுன்பே அடங்கிவிடும். அப்போது தாகமில்லை, தனிமையோ? இன்னொரு நாள் முதுகைத் தேய்த்துவிட்டால் அடங்கும். பிறகு கூழைக் கெட்டியாகக் காய்ச்சிப் பார்த்தாள், அன்றைக்குச் சத்தமே இல்லை. மேகமூட்டமான நாள் அது, ஆனால் அவள் கவனித்தது கூழைத்தான். பிறகு தானாகவே நின்று போகும், அடுத்த வருஷம் மறுபடி வரும். எது கேட்டுக் கத்தினாள் என்று பஞ்சுவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அப்படியே போய்விட்டாள்.

இப்போது, அதே மாதத்தில், அதே நேரத்தில், அதே சத்தம்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டு பேக்கரிக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். ராத்திரியெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு, விடிந்த பிறகு வந்து படுக்கிறவள். தலைமுடியில் இன்னும் மாவு.

"என்னக்கா, சேவல் வளர்க்கிறியா?"

பஞ்சுவுக்கு மூச்சு திரும்பி வந்தது. "உனக்கும் கேக்குதா?"

"செவிட்டுக்கும் கேக்கும். இப்பத்தான் கண்ணை மூடறேன், யாரோ கழுத்தை நெரிச்ச மாதிரி ஒரு கூவல். சேவல் வாங்கறதுதான் வாங்கின, தொண்டை நல்லா இருக்கறதா பாத்து வாங்கக் கூடாதா?"

சேவல். ஆமாம், இளஞ்சேவலின் முதல் கூவல் அப்படித்தான் கரகரவென்று உடைந்து வரும். பஞ்சுவுக்கு இது தெரியாததா? கொல்லையில் ஐந்து மாதத்து இளசுகள் எட்டு நிற்கின்றன. அதில் ஒன்றுக்குத் தொண்டை திறந்திருக்கிறது, வேறென்ன. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் தவிடு கலந்துகொண்டு கொல்லைக் கதவைத் திறந்தால் எல்லாம் வாயை மூடிக்கொண்டு காலைச் சுற்றின. தீனி கண்டுவிட்டால் எது கூவும்? எட்டும் எட்டுப் பச்சைப் பிள்ளைகள் மாதிரி முழித்தன.

சத்தம் பேக்கரிக்காரியோடு நிற்கவில்லை. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார் என்றால் கோபம் என்று அர்த்தம்.

"பஞ்சம்மா, கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. போன வருஷக் கூட்டத்துல நீங்களும்தான் கை தூக்கினீங்க."

"இப்பவும் தூக்கறேன். அன்னிக்கே பெரிய சேவலைக் கொடுத்தாச்சு. முட்டை வெளியில வாங்கித்தான் அடைவைக்கிறேன். எங்கிட்ட சேவல் இல்ல."

"அப்ப கூவறது யாரு, நானா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேக்கரிக்காரியின் குரல் வந்தது: "உங்களுக்கு அவ்வளவு சுருதி சேராது சார்!"

செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள எது கூவுதோ அது போகணும். இல்லேன்னா மொத்தமும் போகணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்கு ஒன்றுதான். பஞ்சுவுக்கு அப்படி இல்லை. அக்காவோடு அக்காவின் பென்ஷனும் நின்றுவிட்டது. அடுப்பு எரிவது கொல்லையை நம்பித்தான். இறகைப் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினால் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவார்களாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராது. பொறுத்திருந்து பார்ப்பதற்கும் நாள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, முட்டையும் போடாத, கூவியதையும் கண்ணால் பார்க்காத ஒரு கோழியைப் பார்த்து இது இன்னது என்று சொல்லவேண்டி வந்தது.

சாம்பல் நிறத்தது ஒன்று இருந்தது. ரொம்ப நாளாகவே அதன் மேல் அவளுக்கு ஒரு கண். தலைக்கொத்து பின்னால் ஈர்க்கு ஈர்க்காக ஓடியது. கொண்டை அகலமாக, பழுத்த நாவல்பழ நிறத்தில். நெஞ்சை நிமிர்த்தி நடந்தது, மற்றதை மார்பால் இடித்துத் தள்ளியது. மேலே காக்கை பறந்தால் மற்றவை பதுங்கும், இது கழுத்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும், தாலுகா ஆபீசில் சான்றிதழா? பண்ணைக்காரர் சேவல்களை எடுத்துப்போக மாதம் ஒருமுறைதான் வருவார். காத்திருக்க முடியாது. கூடையில் போட்டு மூடிக் கறிக்கடைக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது கறிக்கடைக்காரர் கைகாட்டிக் கூப்பிட்டார். பலகைக்கு அடியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். "உங்களுக்குன்னு எடுத்து வெச்சேங்க."

கிண்ணத்தில் மஞ்சள் கருக்கள். கடுகளவு, மிளகளவு, நெல்லிக்காயளவு என்று ஒரே காம்பில் கொத்தாக. பெரியதற்கு ஓடு கட்டுவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் பாக்கி. பக்கத்தில் கறுத்த கறி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பின் மேல் மஞ்சள் பளிச்சென்று இருந்தது.

"சேவல்னு சொன்னீங்களேக்கா?"

"சொன்னேன்."

"முட்டை போடாம பெட்டைன்னு சொல்லமாட்டீங்க. முட்டை போடப் போனதைச் சேவல்னு அனுப்பிட்டீங்களே."

கேலியாகத்தான் சொன்னார். பஞ்சு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. மூடி வைத்தாள்.

மறுநாள் காலை சத்தம் வந்தது. முன்னைவிடத் தெளிவாக, முன்னைவிட நீளமாக. இந்தத் தடவை பஞ்சு படுக்கையிலேயே கிடந்தாள். போய் நின்றால் அடங்கும் என்று தெரியும். போகாமல் கிடந்தாள். அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அக்காவும் அப்படித்தான், ஆள் போய் நிற்கிறவரைக்கும் விடமாட்டாள்.

"ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாரேன்" என்றாள் பேக்கரிக்காரி. இப்போது அவளுக்கும் கோழிகள் போய்விடுமே என்று இருந்தது. முட்டை ஓசியில் வருகிறது அல்லவா. "நான் ரொட்டி அட்டைப்பெட்டி எடுத்துட்டு வர்றேன். இளசையெல்லாம் உள்ள போட்டு மூடு. எந்தப் பெட்டி கூவுதோ அதான் உன் திருடன்."

புத்தியான யோசனை. பஞ்சு மிச்சம் ஏழையும் பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு, காற்றுக்கு ஓட்டை குத்தி, தன் தலைமாட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு படுத்தாள். கொல்லையில் கிழட்டுப் பெட்டைகள் மட்டும். ஒவ்வொன்றும் வருஷக்கணக்காக முட்டை போட்டவை, குஞ்சு பொரித்தவை. அவற்றில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

விடிந்தது. பெட்டிகளில் கால் கீறும் சத்தம் மட்டும். வெளியே, கொல்லைப் பக்கத்திலிருந்து, அக்காவின் ஜன்னல் பக்கத்திலிருந்து, கூப்பிட்டது.

பஞ்சு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஏழும் இருந்தன. ஏழும் வாயைத் திறக்கவில்லை. "சேவலும் இல்ல, இளசும் இல்ல. அப்ப நீ யாருடி?" என்று கேட்டாள், உரக்கவே. பதிலுக்கு மறுபடியும் அதே இரண்டு துண்டு.

அன்று சனிக்கிழமை. ஒரே ஒரு விடியல்தான் பாக்கி. கொல்லையில் போய் நின்றால் கோழிகள் அடங்கிவிடுகின்றன. கொல்லையை மறைந்திருந்து பார்க்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அரிசி டப்பாவை நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து அக்காவின் அறையைத் திறந்தாள். உள்ளே டெட்டால் வாசனை இன்னும் போகவில்லை. கிழக்கே ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் கொல்லை. நடுவில் நாடாக் கட்டில். மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்புப் பீரோ. விளக்குப் போடாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி இருப்பது பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள், பார்க்கவும் இல்லை.

வெளுத்தது. பெட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. எல்லாவற்றுக்கும் மூத்தது, வெள்ளைத் தாய்க்கோழி, எத்தனை அடைவைத்தாலும் எழுந்திருக்காமல் கிடந்து பொரித்துத் தருவது, கவிழ்த்துப் போட்ட தகர பேசின் மேல் ஏறியது. இரண்டு தரம் இறக்கையைத் தட்டியது. கழுத்தை நீட்டியது, இன்னும் நீட்டியது. வாயைத் திறந்தது.

கரகரவென்று, இரண்டு துண்டாக.

பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. பெட்டை. நூறு முட்டைக்கு மேல் போட்ட பெட்டை கூவுகிறது. சேவலே இல்லாத கொல்லையில் எப்போதாவது ஒரு மூத்த பெட்டை தலைமை ஏற்றுக்கொண்டு இப்படிக் கூவும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருக்கிறாள். கேள்விப்பட்டது வேளைக்கு நினைவு வந்தால்தானே. கூவினால் சேவல் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய்.

ஆக, அக்கா இல்லை. கோழிதான். ராத்திரி சரியாகத் தூங்காத இடுப்பு வலித்தது. கொஞ்சம் சாயலாம் என்று வெறுங்கட்டிலில் படுத்தாள். வெயில் வரப்போகிறது, கண்ணில் அடிக்கும் என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, இடது பக்கமாகத் திரும்பினாள். அக்காவையும் விடியலில் அப்படித்தான் திருப்பிப் போடுவாள், அதே காரணத்துக்காக.

சூரியன் கொல்லைச் சுவரைத் தாண்டிற்று. ஜன்னல் வழியாக நுழைந்து அவள் தலைக்கு மேலாகப் போய்ப் பீரோக் கண்ணாடியில் விழுந்து, அங்கிருந்து திரும்பி நேரே தலையணை இருந்த இடத்துக்கு வந்தது. பஞ்சுவின் வலது கண்ணுக்குள் வந்தது. சுட்ட கம்பி மாதிரி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மூட முடிந்தது அவளுக்கு.

வெளியே கோழி கூவிற்று. பஞ்சு அசையவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மேகமாக இருந்த நாள்களில் சத்தம் இல்லை, கூழால் இல்லை. சில வாரம்தான் கத்துவாள், சூரியன் இடம் மாறிவிட்டால் கத்தமாட்டாள். தண்ணீர் கொண்டுபோனாலும் அடங்கினாள், முதுகைத் தேய்த்தாலும் அடங்கினாள், எதுவும் செய்யாமல் போய் நின்றாலும் அடங்கினாள். பஞ்சு எப்போதும் நின்றது கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. ஜன்னல் வெயில் அவள் மார்பில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். வேலை முடிந்தது என்று அவள் நகர்ந்தபோது அக்கா மறுபடி கத்திய நாள்களும் உண்டு. "போதும்டி, எனக்கும் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒரு துண்டைக் கண்ணாடி மேல் போட்டிருந்தால் போதும். இரண்டு வருஷமும் துண்டு அவள் தோளிலேயே கிடந்தது.

எழுந்தாள். முகம் கழுவினாள். கூட்டத்துக்குப் போகும்போது வெள்ளைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

"இதுதான் கூவினது. பெட்டை."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பெட்டை கூவுமா? யாருக்குக் காது குத்தப் பார்க்கறீங்க?"

"நானும் கூவாதுன்னுதான் இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

"சேவல்னே வெச்சுக்குவோமே. அனுப்பிடுங்க, முடிஞ்சுது."

"இதுக்கு மேல ஒண்ணைத் தப்பா அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல" என்றாள் பஞ்சு. "கூவணும்னா கழுத்தை நீட்டணும். கழுத்தை நீட்ட இடமில்லாத தாழ்வான பெட்டியில ராத்திரி அடைச்சு, வெயில் நல்லா ஏறினப்புறம் திறந்து விடறேன். அதுக்கு மேல ஒரு சத்தம் கேட்டுதுன்னா, மொத்தத்தையும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

பேக்கரிக்காரி எழுந்தாள். "தூக்கம் கெடறது எனக்கு. நான் சம்மதிக்கிறேன், மத்தவங்களுக்கு என்ன?" என்றாள். அதோடு கூட்டம் தண்ணீர்க் குழாய் விஷயத்துக்குப் போய்விட்டது. கோழிகள் தங்கின.

பெட்டியைப் பஞ்சு அக்காவின் அறையில்தான் வைத்தாள். அங்கேதான் இடம் இருந்தது. வெள்ளைக்கோழிக்குக் கோபம், இரண்டு நாள் தீனி தொடவில்லை, அப்புறம் பழகிக்கொண்டது. கூவவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேக்கரிக்காரி சுவர் மேல் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டாள். "சத்தமே இல்லக்கா இப்ப. கட்டை மாதிரி தூங்கறேன். ஆனா நீ ஏன் அந்த ரூம்ல நிக்கறே? வேலையிலேந்து வரும்போது தினம் பாக்கறேன், ஜன்னல்ல தெரியுது. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, வெறுங்கட்டிலைப் பாத்துக்கிட்டு, வெயில்ல."

பஞ்சு நடந்ததைச் சொன்னாள். நாலு வாக்கியத்தில் சொன்னாள், மூக்கைச் சிந்தவில்லை.

பேக்கரிக்காரி சுவர் மேலிருந்து முகவாயை எடுத்தாள். பிறகு, "ஒரு துணியைப் போட்டு அந்தக் கண்ணாடியை மூடேன்" என்றாள்.

"மூடிட்டா நான் எங்க போய் நிக்கறது?"

உள்ளே போய் முட்டை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாள். சாம்பல் நிறத்ததின் கூடப்பிறந்த கறுப்பு இளசு போட்டது, முதல் முட்டை, சிறியது. அது பெட்டை என்று இப்போது சொல்லலாம். பஞ்சு சொல்லவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் சூரியன் நகர்ந்து, வெளிச்சம் கட்டிலைவிட்டுச் சுவருக்குப் போய்விடும். அதுவரை காலையில் அவளுக்கு அந்த வேலை இருந்தது. அடுத்த வருஷம் மறுபடி வரும்.